எரியும் மண்ணும்: இறுதிக் கடன் பற்றி ஒரு சிந்தனை

பிறந்தவர் இறப்பர் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். அறநூல்களில் படித்திருக்கிறோம்; ஜினாலயத்தில் பெரியோர் உரைக்கக் கேட்டிருக்கிறோம். எனினும் நம் இல்லத்தில் ஒருவர் கண் மூடும் வேளையில் அவ்வறிவு நமக்குத் துணை நிற்பதில்லை. ஏன் அவ்வாறு நேர்கிறது என்பதை எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

எம் தமக்கையாரின் மக்கள் இருவர் தொழில் நிமித்தம் விராலிமலையில் குடியேறியவர்கள். தமக்கையாரும் இறுதிக் காலத்தில் அவர்களுடனேயே இருந்தார். அவர் உயிர் நீத்த அன்று மக்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. மூத்தவர், நம் வழக்கப்படி எரியூட்ட வேண்டும் என்றார். இளையவரோ, “அம்மாவைத் தீயில் இட எனக்கு மனம் வரவில்லை. நம் தோட்டத்திலேயே அடக்கம் செய்தால், நினைத்தபோது சென்று அருகில் அமர்ந்திருக்கலாமே. மாமா, நீங்கள் சொல்லுங்கள்” என்று எம்மை நோக்கினார். அவருடைய கேள்வியில் பிழையில்லை, அன்பே இருந்தது. ஆதலின் அதற்கு உரிய விடையை ஆராய்வது நம் கடமையாயிற்று.

உயிர் எங்கே செல்கிறது?

உடலை விட்ட உயிர், தான் ஈட்டிய வினைக்கு ஏற்ப அடுத்த பிறவியை உடனே சென்றடைகிறது. இதற்கு மிகுதியாக ஆவது நான்கு சமயங்களே என்பது ஆகமக் கணக்கு. சமயம் என்பது பகுக்க இயலாத மிக நுண்ணிய கால அளவு; ஓர் இமைப்பொழுதில் எண்ணற்ற சமயங்கள் அடங்கும். தைஜசம், கார்மணம் என்னும் நுண்ணுடல்கள் இரண்டே உயிருடன் செல்கின்றன. நாம் நீராட்டி, ஆடை உடுத்தி, அழுது தழுவும் ஔதாரிக உடல் இங்கேயே நின்றுவிடுகிறது. அஃது இனி வெறும் புத்கலம்.

இதனால் விளங்குவது யாது? உறவினர் வந்து சேரும் முன்னரே உயிர் தன் புதிய இடத்தை அடைந்துவிட்டது. தீ அதனைச் சுடுவதில்லை; மண் அதனைக் காப்பதுமில்லை. நாம் இடும் பிண்டமும் அதற்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே எரிப்பதா, புதைப்பதா என்னும் கேள்வி இறந்தவர் நலம் பற்றியதன்று. இருப்பவராகிய நம் நடத்தை பற்றியது.

எரிப்பதா, புதைப்பதா?

நம் நடத்தைக்கு அளவுகோல் அகிம்சையே. உயிர் நீங்கிய உடலில் சிறிது நேரத்திற்குள்ளாகவே நுண்ணுயிர்கள் தோன்றத் தொடங்கும் என்பது ஆகமக் கருத்து. உடலை நெடுநேரம் வைத்திருந்தால் அவை பெருகும். மண்ணில் புதைத்தாலும் பல நாள் அங்கே உயிர்கள் தோன்றியும் மடிந்தும் வரும். எரியூட்டலிலும் இம்சை இல்லாமல் இல்லை. விறகில் வாழும் பூச்சிகளும், தீயையே உடலாகக் கொண்ட உயிர்களும் உள்ளன. குறைந்த இம்சை எதுவோ அதனை இல்லறத்தார் தேர்ந்துகொள்கிறோம். எனவே காலம் தாழ்த்தாது, உயிர்கள் நடமாடாத தூய இடத்தில், விறகை நன்கு பார்த்து எரியூட்டுவதே நம் முன்னோர் வழக்கம். இன்று நகரங்களில் உள்ள எரிவாயு தகன மேடையைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை.

துறவியர்க்கோ பழங்காலத்தில் இவ்விரண்டும் இல்லை. சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை, நோன்பிருந்து உயிர் நீத்த முனிவரின் உடலை உடன் உறையும் துறவியர் எடுத்துச் சென்று, தக்க இடம் பார்த்துக் கிடத்திவிட்டுத் திரும்பும் முறையைக் கூறுகிறது. தீயுமில்லை, குழியுமில்லை. உடல் மேல் பற்று அற்றவர்க்கு அதுவே போதுமானதாயிற்று.

இவற்றைக் கூறினோம். இளைய மருமகன் மறுக்கவில்லை. அன்று மாலையே எரியூட்டப் பெற்றது. ஆயினும் அவர் முகத்தில் தெளிவு இல்லை.

குன்றின் அடியும் மேலும்

சில நாட்கள் கழித்து அவரை அழைத்துக்கொண்டு, இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் சென்றோம். அக்குன்றைச் சூழ்ந்த நிலப்பரப்பில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் பல உள்ளன. வட்டமாக நாட்டிய கற்கள், கற்பலகைகளால் அமைத்த அறைகள், மண்ணில் புதைத்த தாழிகள் ஆகியவற்றைக் காணலாம். இறந்தாரைப் பிரிய மனமின்றி, மட்கலங்களையும் உடன் வைத்து அடக்கம் செய்தனர் அக்கால மக்கள். “அவர்களும் என்னைப் போலத்தானே எண்ணியிருப்பார்கள்?” என்றார் மருமகன். ஆம், அந்த அன்பு மிகப் பழமையானது, இகழத்தக்கது அன்று.

பின்னர்ப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறி ஏழடிப்பட்டத்தை அடைந்தோம். இயற்கைக் குகைத்தளத்தில் வழவழப்பாக இழைக்கப்பெற்ற 17 கற்படுக்கைகள் அங்கு உள்ளன. அவற்றுள் பழமையானதன் அருகில் தமிழ் பிராமிக் கல்வெட்டு உள்ளது; கி.மு. காலத்தது. பிற படுக்கைகள் சிலவற்றில் பிற்காலத் துறவியர் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. இவை துறவியர் உறைவதற்கும் தவம் புரிவதற்கும் அமைந்தவை. இறுதி நோன்பாகிய சல்லேகனை ஏற்றவர்க்கும் இத்தகைய இடங்களே உரியவை.

அங்கு அமர்ந்தபோது ஒன்று தோன்றியது. கீழே உள்ள கற்கள் இறப்புக்குப் பின் வைக்கப்பட்டவை. மேலே உள்ள படுக்கைகள் இறப்புக்கு முன்னரே அமைக்கப்பட்டவை. அருக நெறி நம்மைக் கேட்பது இந்த முன்னேற்பாட்டையே.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. இளைய பட்டாரகர் என்பார் 30 நாள் நோற்றதை அங்குள்ள மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. அக்கற்கள் நினைவில் நிறுத்துவது அவர்தம் உடலை அன்று, நோன்பையே.

சல்லேகனை என்பது துயர் தாளாது உயிரை மாய்த்துக்கொள்வதன்று. தீராத இடையூறு, பஞ்சம், முதுமை, மருந்துக்கு அடங்கா நோய் ஆகியவை வந்துற்றபோது மட்டும், குருவின் இசைவு பெற்று, படிப்படியாக ஏற்கும் நோன்பு அது. விரைவில் இறக்க வேண்டும் என்று விரும்புவதும் அந்நோன்பிற்குக் குற்றமே. 2015 ஆகஸ்ட் 10 அன்று இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இதனைத் தற்கொலையாகக் கருதித் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் சமணர் அமைதி ஊர்வலம் சென்றனர். அதே மாதம் 31 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

இல்லறத்தார் கடன்

எல்லோர்க்கும் அந்நோன்பு இயலாது. ஆனால் அதன் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்தும் நம் இல்லத்து நோயாளிக்கும் பாடமாகும். உயிர்வாழ ஏங்குதல், சாவை விரும்புதல், உற்றார் மேல் பற்று, நுகர்ந்த இன்பத்தை நினைத்தல், மறுமைப் பயனை வேண்டுதல் என்பவை அவை. இவற்றுள் உற்றார் மேல் பற்றினை வளர்ப்பவர் பெரும்பாலும் நாமே.

எம் குறையையும் இங்கு மறைக்காமல் கூறுகிறோம். தமக்கையார் இறுதி மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, அதே அறையில் நின்று, யார் யாருக்குச் செய்தி சொல்வது, எங்கே எடுத்துச் செல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒருமுறை கண் திறந்து இளைய மகனைப் பார்த்தார். அப்பொழுது அவர் செவியில் விழுந்தது பஞ்சமந்திரம் அன்று. எம் பேச்சும் அவர் மகனின் அழுகையுமே. இதனை மலையிலிருந்து இறங்கும்போது மருமகனிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாமல் நடந்தார். பின், “எரிப்பதா புதைப்பதா என்று கேட்டேனே மாமா, அதற்கு முந்தின நாள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை” என்றார்.

ஆகவே அன்பர்களே, சிலவற்றை உள்ளத்தில் கொள்வோமாக.

நோயுற்றோர்க்கு மருத்துவம் குறைவின்றிச் செய்வோம். இனி மீளார் என்று தெரிந்தபின் அவர் அருகில் சொத்தையும் சடங்கையும் பேசாதிருப்போம். பஞ்சமந்திரத்தை மெல்லிய குரலில் ஓதுவோம். அவர் யாவரையும் பொறுத்து, யாவராலும் பொறுக்கப்பெற்று அமைதியுறத் துணை செய்வோம்.

அழுகை வருவது இயல்பு. அதனைக் குற்றமென்று எவரையும் கடிய வேண்டா. ஆனால் பிரிவையே எண்ணி எண்ணிப் புலம்புவது இஷ்டவியோகம் என்னும் ஆர்த்தத் தியானமாகும். அது நமக்கும் கேட்பார்க்கும் துன்பம் தரும் வினையைக் கட்டும். அநித்திய பாவனையும் ஏகத்துவ பாவனையும் அதற்கு மருந்து.

நினைவுச் சின்னம் எழுப்ப விரும்புவோர், உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களில் ஒன்றை அவர் பெயரால் செய்யலாம். எம் மருமகன் தோட்டத்தில் எதுவும் எழுப்பவில்லை. ஆண்டுதோறும் அன்னையாரின் நினைவு நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூல்கள் வழங்கி வருகிறார்.

நமக்கும் அந்த நாள் வரும். அன்று நம் உடலை எரியிடமோ மண்ணிடமோ பிறர் ஒப்படைப்பர். அது அவர்கள் கையில் உள்ளது. நம் உள்ளத்தை அமைதியிடம் ஒப்படைப்பது நம் கையில் உள்ளது. அதற்கான பயிற்சியை இன்றே தொடங்குவோமாக.