ஒன்பது புள்ளி எட்டு ஒன்று

விஞ்ஞானமும் பொறியியலும் பயில இவ்வாண்டு வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டனர். படிக்கவேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்று தரலாமா என்று எண்ணினேன். அதை விடுதியிலுள்ள மூத்த மாணவர் எவரும் தருவார். பரிசோதனைச்சாலையில் நம்மில் பலரும் செய்கிற, ஆனால் எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு காரியத்தைப் பற்றி எழுதுவதே பயன்படும் என்று தோன்றிற்று. விடையை முதலில் எழுதிக்கொண்டு, அளவுகளைப் பின்னர் எழுதுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

நானும் செய்தவன்தான். ஊரில் பி.எஸ்ஸி. முதல் வருஷம் படித்தபோது தனி ஊசல் பரிசோதனை கொடுத்தார்கள். பிளந்த தக்கையில் நூலைச் செருகி, நுனியில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு, மெல்ல ஒதுக்கி விட்டு, 50 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கவேண்டும். அதை 50 ஆல் வகுத்தால் அலைவு நேரம். நான்கு பை வர்க்கத்தை, அதாவது 39.48 ஐ, மீட்டரில் ஊசலின் நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைத்துவிடும். இதைவிட எளிய பரிசோதனை பௌதிகத்தில் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

எனக்குக் கிடைத்தவை இவை. நீளம் 40 சென்டிமீட்டராக இருந்தபோது 50 அலைவுகளுக்கு 64.3 வினாடி, 60 சென்டிமீட்டருக்கு 78.5, 80 க்கு 90.4, 100 க்கு 101.0. கணக்கிட்டுப் பார்த்தேன். 9.55, 9.61, 9.66, 9.68 என்று வந்தன. பாடப் புத்தகத்திலோ 9.81 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பக்கத்து மேஜை நண்பனுக்கு 9.81 வந்துவிட்டதாம். எப்படி என்று கேட்டபோது கண்ணைச் சிமிட்டினான். நானும் அன்றிரவு உட்கார்ந்து, 9.81 வருவதற்கு எத்தனை வினாடி இருந்திருக்கவேண்டும் என்று பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டு, ரெக்கார்டு நோட்டில் நீல மையால் அழகாக எழுதி, கோடு போட்டு முடித்தேன்.

மறுவாரம் ஆசிரியர் நோட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஏனப்பா, 9.81 எந்த ஊருக்கு உரியது?" என்றார். நான் விழித்தேன். "எல்லா ஊருக்கும் அதுதானே, சார்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் விடை தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். பூமி சரியான உருண்டையன்று, சுழலவும் சுழல்கிறது. ஆகையால் ஒரு பொருளை அது இழுக்கும் இழுப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. கடல் மட்டத்தில், பூமத்திய ரேகையில் 9.78, துருவங்களில் 9.83. பாரிஸ், லண்டன் போன்ற நகரங்களில் 9.81. திருச்சியிலும் சென்னையிலும் 9.78தான். நாம் இப்போது இருக்கும் காசியில் 9.79. எனவே தமிழ்நாட்டுப் பரிசோதனைச்சாலையில் உட்கார்ந்துகொண்டு 9.81 என்று எழுதிய நான், நான் பார்த்தேயிராத பாரிஸ் நகரத்தின் எண்ணைத் திருடி எழுதியிருந்தேன். திருட்டிலும் ஊர் மாறிவிட்டது!

இந்த வேறுபாட்டை உலகுக்குத் தெரிவித்ததே ஒரு "தவறான" ஊசல்தான். 1672 இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானநூலார், பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கரையிலுள்ள கயேன் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அது பூமத்திய ரேகைக்கு வெகு அருகில் உள்ளது. பாரிஸில் ஒழுங்காக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிஷம் பின்தங்கிற்று. வினாடி தவறாமல் ஆடவேண்டுமானால் ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கவேண்டியிருந்தது. கடிகாரம் பழுதென்று சொல்லி, பாரிஸ் கணக்கையே எழுதிக்கொண்டு அவர் கப்பலேறியிருக்கலாம். அவர் எழுதிவைத்தது கண்ட அளவை. உஷ்ணத்தால் உலோகம் நீண்டதனால் வந்த வேறுபாடோ என்ற கேள்வியும் எழுந்தது. நியூட்டன் அதனை எடுத்து ஆராய்ந்து, அது மட்டும் போதாதென்று தள்ளினார். 1687 இல் வெளியான தம் நூலில், பூமி நடுவில் பருத்து துருவங்களில் தட்டையாக இருக்கிறது என்பதற்குச் சான்றாக ரிஷேயின் ஊசலையும் சேர்த்துக்கொண்டார். மூன்று மில்லிமீட்டர்! நம் ரெக்கார்டு நோட்டுகளில் தினமும் இதைவிடப் பெரிய உண்மைகள் ரப்பரால் அழிக்கப்படுகின்றன.

என் கதைக்கு வருகிறேன். ஆசிரியர் அடுத்தபடியாக என் அப்சர்வேஷன் நோட்டைக் கேட்டார். நல்லவேளையாக, பென்சிலால் எழுதிய உண்மையான அளவுகள் அதில் அப்படியே இருந்தன. "9.55, 9.61, 9.66, 9.68. இவை ஏன் படிக்கட்டைப்போல் ஏறுகின்றன?" என்று கேட்டுவிட்டு, வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டுகிறேன். ஏனெனில் நான் சொல்ல வந்த பாடம் இதில்தான் இருக்கிறது. பிழைகளில் இரு சாதி உண்டு. கடிகாரத்தை அழுத்தும் விரல் ஒருமுறை முந்தும், ஒருமுறை பிந்தும். இதனால் வரும் பிழை மேலும் கீழும் அலையும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் குறையும். 50 அலைவுகளை எண்ணுவதும் இதற்காகவே. விரல் பத்தில் ஒரு வினாடி தவறினாலும், அது 50 அலைவுகளுக்கும் பங்கிடப்பட்டு ஓர் அலைவுக்கு 0.002 வினாடியாகிவிடும். மற்றொரு சாதிப் பிழை அலையாது. ஒரே பக்கம் நின்று இழுக்கும். ஆயிரம் முறை அளந்தாலும் சராசரி அதைத் தீர்க்காது. என் எண்கள் நான்கும் 9.78 க்குக் கீழேயே நின்றன. நீளம் கூடக்கூட அதை நெருங்கின. விரலின் பிழையாக இருந்தால் இப்படி வரிசையாக ஏறுமா?

வரைபடத் தாளில் நீளத்தைக் கிடையாகவும் அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிலையாகவும் குறித்தேன். நான்கு புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் அமர்ந்தன. ஆனால் அந்தக் கோடு மூலப் புள்ளி வழியே போகவில்லை. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், நீளம் பூஜ்யத்துக்குக் கீழே 0.9 சென்டிமீட்டரில் போய்த் தொட்டது. அதாவது என் ஊசலின் ஒவ்வொரு நீளத்திலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரை நான் அளக்காமல் விட்டிருந்தேன்! குண்டை எடுத்து வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். விட்டம் 2 சென்டிமீட்டர். நான் அளந்ததோ தக்கையிலிருந்து குண்டின் தலைவரையில். அளந்திருக்க வேண்டியது குண்டின் நடு மையம் வரையில். விடுபட்டது குண்டின் ஆரமாகிய 1 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் விடுபட்டால் பெரிய நஷ்டம். 100 இல் ஒன்று விடுபட்டால் சிறிய நஷ்டம். படிக்கட்டின் ரகசியம் அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். எல்லா நீளத்திலும் ஒரே அளவு பிழை இருந்தால், அது கோட்டை நகர்த்துமேயன்றிச் சாய்வை மாற்றாது. ஆகவே அந்தத் தவறான அளவுகளைக்கொண்டே, கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டபோது 9.76 வந்தது. பத்தில் ஒரு வினாடிப் பிழைக்கு 0.04 அங்குமிங்கும் போகலாம். ஊரின் உண்மை மதிப்பான 9.78 அதற்குள் அடங்கிவிட்டது. என் பென்சில் எண்களுக்குள்ளேயே சரியான விடை ஒளிந்திருந்தது. நீல மையால் எழுதிய எண்களிலிருந்து குண்டின் ஆரத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவற்றில் 9.81 ஐத் தவிர வேறொன்றும் இல்லை.

மிஞ்சுவதை மதித்து எழுதியவர்களின் சரித்திரம் பெரிது. 1785 இல் காவெண்டிஷ் காற்றிலுள்ள நைட்ரஜனை மின்பொறியால் ஆக்சிஜனுடன் சேர்த்துச் சேர்த்துத் தீர்த்தபோது, கடைசியில் சிறு குமிழி ஒன்று தீராமல் நின்றது. முழுவதில் 120 இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று குறித்துவைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குறிப்பு தூங்கியது. பிறகு ராலே பிரபு, ஒரே கண்ணாடிக் கோளத்தில், காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் ரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் நிறுத்துப் பார்த்தார். முன்னது 2.310 கிராம், பின்னது 2.299 கிராம். இருநூறில் ஒரு பங்கு வித்தியாசம். நாமாக இருந்தால் "பரிசோதனைப் பிழை" என்று எழுதிவிட்டு உணவுக்கூடத்துக்குப் போயிருப்போம். அவரோ 1892 இல், இதற்குக் காரணம் தெரிந்தவர் சொல்லுங்கள் என்று பத்திரிகையில் பகிரங்கமாகக் கேட்டார். அதன் முடிவில் ராம்ஸேயும் அவரும் 1894 இல் ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தார்கள். காவெண்டிஷின் குமிழி அதுவேதான். 1904 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. அதுவும் நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவர்களின் கதை. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் கல்கத்தாவில் நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, பௌபஜார் வீதியில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஓய்வு நேரங்களில் ஆராய்ச்சி நடத்தியவர். 1923 இல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன், திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, இருக்கக்கூடாத நிறத்தில் மங்கலான ஒளி ஒன்று மிஞ்சியது. திரவத்திலுள்ள அழுக்கினால் வருவதாக இருக்கலாம் என்றே முதலில் கொண்டார்கள். திரும்பத் திரும்பச் சுத்திகரித்தும் அது போகவில்லை. பின்னர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் பல திரவங்களில் அதைக் கண்டார். "போகாத அழுக்கு" என்று எழுதி மூடிவிடாமல் ராமன் விடாப்பிடியாகத் தொடர்ந்ததன் பயனை, 1928 பிப்ரவரி 28 என்ற தேதியோடு நாடு முழுவதும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம்.

நோபல் பரிசு வாங்குவதற்காக யாரும் ஊசலாட்டவேண்டாம். பொறியியல் மாணவர்களுக்கு இதில் வேறொரு கவலை இருக்கிறது. கான்கிரீட் பரிசோதனையில் 150 மில்லிமீட்டர் கட்டிகள் மூன்றை 28 நாள் நீரில் வைத்திருந்து நசுக்குகிறோம். சதுர மில்லிமீட்டருக்கு 27.1, 26.4, 22.0 நியூட்டன் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 25.2. எந்தக் கட்டியும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது இந்தியத் தர விதி. 22.0 விலகியிருப்பது சுமார் 13 சதவீதம், செல்லத்தக்கதே. ஆனாலும் பார்வைக்கு நன்றாயில்லை என்று அதை 26.2 ஆக்கிவிடும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டியின் உடைந்த முகத்தைப் பார்த்திருந்தால், குத்திக் கெட்டிப்படுத்தாத மூலையில் தேன்கூடுபோல் துவாரங்கள் இருந்தது தெரிந்திருக்கும். நாளைக்கு அதே கைகள் ஒரு தூணுக்குக் கான்கிரீட் போடுவதை மேற்பார்வை செய்யப்போகின்றன. தூணுக்குள் தேன்கூடு இருந்தால், அதைத் திருத்த ரெக்கார்டு நோட்டு கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறோம்? சோம்பல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மற்றப் பாதி, குறிப்பாக நம்மவர் விஷயத்தில், பாஷை. பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து நிற்கிறோம். பயிற்றாசிரியர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ "ஏன் குறைந்தது?" என்று கேட்டால், காரணம் தெரிந்திருந்தாலும் வாய் எழவில்லை. விடை சரியாயிருந்தால் கேள்வியே வராது; ஆகவே விடையைச் சரியாக்கிவிடுகிறோம். அளவுகளைத் திருத்துகிறவர்களில் பலர் மோசடிக்காரர்கள் அல்லர், கேள்விக்கு அஞ்சுகிறவர்கள். நானும் அந்த அச்சத்தை அறிந்தவன் என்பதால் சொல்கிறேன்: மூன்று வாக்கியங்கள் போதும். எதை அளந்தேன், எவ்வளவு எதிர்பார்த்தேன், எவ்வளவு விலகியிருக்கிறது. இந்த மூன்றையும் முதல்நாள் இரவே தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதிப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். இலக்கணம் பிசகினால் பிசகட்டும். எண்ணைப் பார்க்கிற ஆசிரியர் வேற்றுமை உருபைப் பார்க்கமாட்டார். மூன்றாவது வாரத்தில் நான்காவது வாக்கியமும் தானாக வரும். அது பெரும்பாலும் ஒரு கேள்வியாக இருக்கும்.

இந்தப் பருவத்திலும் முதலாண்டினருக்கு ஊசல் வரும். இவ்வூருக்கு 9.79 என்பதை நினைவில் வையுங்கள். குறைந்து வந்தால் முதலில் குண்டின் ஆரத்தைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அடுத்து, குண்டை எவ்வளவு தூரம் இழுத்து விட்டீர்கள் என்று பாருங்கள். 30 பாகை இழுத்தால் அந்த ஒரு காரணத்தாலேயே விடை 3 சதவீதம்வரை குறைந்துவிடும். அலைவை எண்ணத் தொடங்கும்போது "ஒன்று" என்றீர்களா, "பூஜ்யம்" என்றீர்களா என்பதையும் கவனியுங்கள். ஒன்றிலிருந்து தொடங்கி ஐம்பதில் நிறுத்தியவர் எண்ணியது 49 அலைவுகளே. இவ்வளவுக்கும் பிறகு காரணம் பிடிபடாவிட்டால், சங்கம் கூடும் மாலையில் அப்சர்வேஷன் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். பென்சில் எழுத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.