அக்காவைத் திட்டாதீர்கள்

கேள்வி: தறி நெய்து அக்கா சேர்த்த பணம், ஃபேஸ்புக்கில் பழகிய 'லண்டன் டாக்டர்' அனுப்பிய பார்சலுக்குச் சுங்க வரி என்று போய்விட்டது. வீட்டில் எல்லோரும் திட்டுகிறோம். சாப்பிடாமல் கிடக்கிறாள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தெள்ளார்

பதில்: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள், தங்கையே. பணத்தோடு, தினமும் "சாப்பிட்டாயா?" என்று கேட்ட துணையும் போயிற்று, இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுகிறாள். படிப்பும் வெளிநாட்டு வாழ்வும் இதில் யாரையும் காப்பதில்லை. நடிகர் ஆர்யாவின் பெயரில் பழகியவர்களிடம், ஜெர்மனியில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் சுமார் 70 லட்சம் ரூபாய் இழந்ததாகப் புகார் தந்தார். அந்த வழக்கில் 2021-இல் சென்னை போலீஸார் இருவரைக் கைது செய்தார்கள்.

சுங்கத்துறை தனியார் கணக்கில் வரி கட்டச் சொல்லாது. இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் மோசடிக்காரனின் கணக்கை முடக்கினால் ஓரளவு மீளலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மீட்டுத் தருவதாக முன்பணம் கேட்டு வருபவனையும் நம்பாதீர்கள்.

அவள் சாப்பிடாமல் கிடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சில நாட்களுக்கு அவளைத் தனியாக விடாதீர்கள்.