மூடிய கதவும் திறந்த ஆய்வகமும்

நுழையும்முன்

கற்ற கல்வியைத் தம்மளவில் நிறுத்திக்கொள்ளாது பிறருக்கும் வழங்குவோரே சிறந்த அறிஞர். தமக்குக் கதவுகள் மூடப்பட்டபோதும் தம் ஆய்வகக் கதவைப் பிற பெண்களுக்குத் திறந்துவைத்த அறிவியலாளர் ஒருவரை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

மறுக்கப்பட்ட இடம்

மேரி கியூரி 1867ஆம் ஆண்டு போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்தில் அன்று பெண்களுக்கு இடமில்லை. எனவே, மறைவாக நடைபெற்ற ‘பறக்கும் பல்கலைக்கழக’த்தில் பயின்றார்; 1891இல் பாரிசு சென்று உயர்கல்வி பெற்றார். கணவர் பியரி கியூரியுடன் இணைந்து பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தார். 1903இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆயினும், 1911இன் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அதே ஆண்டின் இறுதியில் வேதியியலுக்கான நோபல் பரிசையும் அவர் பெற்றார்.

ஆய்வகமே பள்ளி

மேரியின் ஆய்வகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பணியாற்றினர். நார்வே நாட்டின் எலன் கிளெடிச் 1907இல் அங்கு வந்து சேர்ந்தார். பின்னர் ரேடியத்தின் அரை வாழ்நாளை அளவிட்டார். 1929இல் ஓஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். முதல் உலகப்போரின்போது, காயமுற்ற வீரர்களுக்கு உதவ ஊடுகதிர்க் கருவிகளை இயக்கும் பயிற்சியை ஏறத்தாழ 150 பெண்களுக்கு மேரி அளித்தார். அப்பணியில் தோள்கொடுத்த மகள் ஐரீன், 1935இல் தம் கணவருடன் நோபல் பரிசு பெற்றார்.

உதவியாளர் கண்ட தனிமம்

மார்கெரித் பெரே 1929இல் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமில்லை. ஆக்டினியத்தைத் தூய்மைப்படுத்தும் நுட்பத்தை மேரியிடம் கற்றார். மேரி மறைந்து ஐந்தாண்டுகளுக்குப்பின், 1939இல், அந்நுட்பமே அவரைப் புதிய தனிமம் ஒன்றிடம் கொண்டுசேர்த்தது. அணு எண் 87 உடைய அதற்குப் ‘பிரான்சியம்’ எனப் பெயரிட்டார்.

இவ்வெற்றிகளுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. கதிரியக்கத்தின் தீங்கு முழுமையாக உணரப்படாத காலம் அது. மேரியும் ஐரீனும் குருதி தொடர்பான நோய்களால் மறைந்தனர்; பெரேயைப் புற்றுநோய் வாட்டியது.

1962இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் முதன்முறையாக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. அவர் மார்கெரித் பெரே. ஆசிரியருக்கு மூடப்பட்ட கதவு அரை நூற்றாண்டுக்குப்பின் மாணவிக்குத் திறந்தது. தனிமங்களைக் கண்டறிந்தது மேரியின் அறிவு. அறிஞர்களை உருவாக்கியது அவரது பண்பு.

கற்பவை கற்றபின்...

1. மேரி கியூரி பெற்ற பரிசுகள், உருவாக்கிய மாணவியர் – இவற்றுள் எதனை அவரது பெருஞ்சாதனையாகக் கருதுகிறீர்கள்? காரணம் தந்து வகுப்பில் உரையாடுக.
2. உமது முன்னேற்றத்திற்கு வழிகாட்டிய ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.