ஆலோசனை வாரியம் அமைக்கப் புறப்பட்ட மகளுக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மகளுக்கு,

உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களுக்குரிய பண உதவிகளைக் குறித்து மாநில அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறத்தக்க வாரியம் ஒன்று பினாங்கில் அமைய வேண்டும் என்று நீயும் உன் தோழர்களும் எழுதிவரும் யோசனைக் குறிப்பை எனக்கு அனுப்பி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாய். சிரத்தையோடு படித்தேன். மாணவர் நலப் பணியில் இப்பொழுதுதான் காலெடுத்து வைத்திருக்கும் ஒரு பெண், உதவி என்னும் பெயரால் நடைபெறும் காரியங்கள் யாரைச் சென்றடைகின்றன, யாரை அடையாமற் போகின்றன என்று நிதானமாக விசாரிக்கும் ஒரு சபையைப் பற்றிச் சிந்தித்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. ஆயினும் குறிப்பின் முதற்பக்கத்திலேயே நான் உன்னோடு மாறுபடுகிறேன். வாரியத்திற்கென்று தனி நிதி ஒன்று திரட்டப்பட வேண்டும் என்றும், மிகவும் கஷ்டப்படும் மாணவர்களுக்கு அந்த நிதியிலிருந்து வாரியமே உதவித்தொகை வழங்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அது வேண்டாம், அம்மா. ஆலோசனை சொல்லும் சபையின் கையில் பணப்பெட்டி இருக்கலாகாது.

கொடுக்கும் நிலையில் இருப்பவரிடம், கேட்க வந்தவர் குறை சொல்லத் துணிவதில்லை. விண்ணப்பம் ஏன் தாமதமாயிற்று, எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் படிவம் பாதியில் நின்றது, எந்த அதிகாரியின் ஒரு சொல்லால் தகப்பனார் மனம் கசந்து திரும்பினார் என்பதையெல்லாம், தனக்கு ஒன்றும் தர இயலாதவரிடத்தில்தான் ஏழை மனம்விட்டுப் பேசுவான். உன் வாரியம் ஒரேயொரு காசோலையை வழங்கிவிட்டால், அன்றிலிருந்து அதன் வாசலில் நன்றியும் புகழ்ச்சியும் சிபாரிசுக் கடிதங்களும் வந்து நிற்கும். உண்மை வேறு வாசல் தேடிப் போய்விடும்.

மேலும், கொடுக்கும் ஸ்தாபனங்கள் நம் நாட்டில் ஏற்கெனவே பல இருக்கின்றன. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது மக்கள் பி.டி.பி.டி.என். என்றே அறிந்திருக்கும் அந்தக் கழகம், நாடெங்கும் மாணவர் கடனை வழங்கி வருகிறது. பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளங்கள் உண்டு. நம் மாநில அரசாங்கம் 2015-இல் தொடங்கிய பினாங்கு எதிர்கால அறவாரியம் உண்டு. 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிறந்த பினாங்கு இந்து அறப்பணி வாரியம், கோயில்களையும் அறச் சொத்துகளையும் பரிபாலிப்பதோடு, உயர்கல்விக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் கை கொடுக்கிறது. முஸ்லிம் மாணவர்களுக்கு ஜக்காத் நிதி இருக்கிறது. மலேசிய இந்தியக் காங்கிரசான ம.இ.கா.வின் முயற்சியால் 1984-இல் எழுந்த கல்வி மேம்பாட்டு நிறுவனமாகிய எம்.ஐ.இ.டி. கடன் அளிக்கிறது. இவற்றின் தொகை போதுமா என்பது தனி விசாரணை. உங்களுடைய வாரியத்தின் ஸ்வதர்மம், இவையனைத்தையும் ஒருசேர வைத்து, கையில் பல்கலைக்கழக அழைப்புக் கடிதத்தோடு நிற்கும் ஒரு மாணவியின் பக்கம் நின்று பார்ப்பதே ஆகும்.

இந்தத் தீவில் கல்வி உதவியின் சரித்திரம் பழமையானது; அதில் இரண்டு வழிகளை நீ காண வேண்டும். முதலாவது வழி, மிகச் சிறந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து உயர்த்துவது. 1885-இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் ஏற்படுத்தப்பட்ட மகாராணி உபகாரச் சம்பளம் அத்தகையது. நம்முடைய பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்ற வூ லியன் தே, 1896-இல் அந்தச் சம்பளத்தை வென்று கேம்பிரிட்ஜுக்குச் சென்று வைத்தியம் கற்றார். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் பிளேக் நோய் ஆயிரமாயிரம் உயிர்களைக் கொள்ளை கொண்டபோது அதை எதிர்த்து நின்று அடக்கிய மருத்துவர் அவரே. ஒரு பையனுக்குச் செய்த உபகாரம் ஒரு தேசத்தையே காத்த கதை அது. ஆனால் அதே பரீட்சையில் அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்வதில்லை.

இரண்டாவது வழி, எவரும் பின்தங்காமல் எல்லோரையும் சேர்த்துத் தாங்குவது. பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலினால் நம் மக்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து நின்ற காலத்தில், 1960-இல், அப்பொழுது ம.இ.கா. தலைவராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால்மரம் வெட்டிய கைகளிலிருந்து மாதம் 10 வெள்ளியாகச் சேர்ந்த பணத்தைக் கொண்டு கெடாவின் புக்கிட் சிடிம் தொடங்கிப் பல தோட்டங்களை அந்தச் சங்கம் வாங்கிற்று. பின்னர் அங்கத்தினர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கும் உதவிற்று. அந்த உதவியைப் பெற்ற மாணவன் யாரிடமும் தலை குனிய வேண்டியிருக்கவில்லை. தன் தாயும் தகப்பனும் சேர்த்த பணத்தில் அவன் படித்தான். இரண்டு வழிகளும் அவசியமானவையே. ஆயினும், முதல் வழிக்குப் பரிந்து பேச எப்பொழுதும் ஆட்கள் இருப்பார்கள். பரிசு பெறும் மாணவனின் படம் பத்திரிகையில் வரும். இரண்டாவது வழிக்குப் பரிந்து பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக உன் வாரியம் இருக்கட்டும்.

இனி, வாரியம் எதை விசாரிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதில்தான் நான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில் ஆயர் ஈத்தாமிலும் பாயா தெருபோங்கிலும் அடுக்குமாடிகளில் வாழும் பெற்றோர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த பழக்கத்தில் நான் அறிந்துகொண்டதெல்லாம் இதைச் சேர்ந்ததே.

தொகையைவிட முக்கியமானது காலம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வருவதற்கும் பதிவு நாளுக்கும் இடையில் சில வாரங்களே இருக்கும். அந்தச் சில வாரங்களுக்குள் பதிவுக் கட்டணம், விடுதிக்குரிய முன்பணம், பயணச் செலவு, கணினி, படுக்கை விரிப்பு முதலிய யாவற்றுக்கும் பணம் புரட்ட வேண்டும். கடனோ மாணவர் பதிவு செய்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, காகிதங்கள் சரிபார்க்கப்பட்ட பிறகே கைக்கு வரும். இந்த இடைவெளியை அரசாங்கமும் அறியாமலில்லை. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்கூட்டியே வழங்கும் ஏற்பாடு பி.டி.பி.டி.என்.-இல் அதற்காகவே உண்டு. ஆனால் அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை அறியாமல், வட்டிக்காரனிடம் கைநீட்டிய தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். நான்கு ஆண்டுப் படிப்புக்குரிய பெருந்தொகை கையெழுத்தாகிக் காத்திருக்க, முதல் வாரத்துக்குரிய சிறுதொகை இல்லாமல் ஒரு பிள்ளை தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவது எத்தகைய அநியாயம் என்று யோசித்துப் பார். ஆகையால் வாரியம் முதன்முதலாகத் தயாரிக்க வேண்டியது ஒரு நாட்காட்டி. ஒவ்வோர் உதவி ஸ்தாபனமும் எந்த மாதத்தில் விண்ணப்பம் கோருகிறது, எந்த மாதத்தில் பணம் தருகிறது, மாணவனுக்கு எந்தத் தேதியில் அது வேண்டியிருக்கிறது என்பவற்றை ஒரே தாளில் எழுதி வை. அந்தத் தாளைப் பார்த்த எந்த மாநில ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் வேறு பிரசங்கம் தேவைப்படாது.

அடுத்தது, வறுமைக்குச் சாட்சி. சம்பளச் சீட்டு கொண்டு வா என்பது கேட்பதற்கு நியாயமான கோரிக்கைதான். ஆனால் சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்கும், வீடு வீடாகச் சென்று துணி துவைக்கும் தாய்க்கும், லோரியில் நாட்கூலிக்குப் போகிறவனுக்கும் சம்பளச் சீட்டு கொடுப்பவர் யார்? அவர்கள் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும், வட்டாரத் தலைவரான பெங்குலுவிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மிகவும் ஏழையாக இருப்பவனே மிக அதிகமான காகிதங்களைக் காட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தை இங்கே கவனிக்கலாம். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண், உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிற்கே போகிறது. தொகை சிறிதுதான், அரசுப் பள்ளியில் பயின்றவர் யாவரும் ஒரே அளவு வறியவர் அல்லர் என்ற ஆட்சேபமும் சரியானதே. ஆயினும், அந்தப் பெண்ணின் தகுதிக்குப் பள்ளிக்கூடத்தின் பதிவேடே சாட்சியாகிறது. அவளுடைய தாய் எந்த வாசலிலும் போய்த் தன் வறுமையைப் பிரமாணம் செய்ய வேண்டியதில்லை. அரசாங்கத்தின் கையில் முன்பே இருக்கும் விவரத்தை மறுபடியும் ஏழையிடம் கேட்கலாகாது என்ற ஒரு விதியை உன் வாரியம் வற்புறுத்தி நிலைநாட்டினால், அது பல காசோலைகளுக்குச் சமானமான உபகாரம்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பிள்ளைகளை மறந்துவிடாதே. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறப்புப் பத்திரத்தில் நேர்ந்த ஒரு குறையினாலோ பெற்றோரின் திருமணம் பதிவாகாததினாலோ குடியுரிமை இல்லாமல் நிற்பவர்கள் நம்மிடையே உண்டு. குடிமக்களுக்குரிய கடனும் உபகாரச் சம்பளமும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் விண்ணப்பமே போடாததால் நிராகரிக்கப்பட்டோர் கணக்கிலும் வருவதில்லை. எந்தக் கணக்கிலும் வராதவர்களைத் தேடிச் சென்று கேட்பது உன் வாரியத்தின் கடமைகளில் தலையாயது.

கடனைத் திருப்பிக் கட்டும் காலத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பி.டி.பி.டி.என். கடனுக்கு விதிக்கப்பட்ட 3 விழுக்காட்டு நிர்வாகச் செலவு 2008-இல் 1 விழுக்காடாகக் குறைந்தது நல்ல மாறுதல். கடன் கட்டாதவர்கள் வெளிநாடு செல்லத் தடை இருந்ததும், 2018-இல் அது நீக்கப்பட்டதும் உனக்குத் தெரியும். பெற்ற கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது; அடுத்து வரும் பிள்ளையின் படிப்பு அந்தப் பணத்தில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நேற்று வந்த பிள்ளை, பல பக்கங்கள் கொண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, வேலை இல்லாவிட்டால் யாரிடம் சென்று என்ன கேட்கலாம் என்று தாய்மொழியில் உட்கார்த்தி வைத்துச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டாமா? அதை வாரியம் கேட்கட்டும்.

அதிகார எல்லையையும் தெளிவாக உணர்ந்துகொள். நம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் கல்வி மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. மாநில வாரியம் ஒன்று பி.டி.பி.டி.என்.-க்குக் கட்டளையிட முடியாது. பல்கலைக்கழகக் கட்டணத்தைக் குறைக்கவும் முடியாது. மாநிலம் தன் சொந்த உதவித் திட்டங்களைத் திருத்தலாம். பிறவற்றைப் பற்றிச் சாட்சியங்களோடு மத்திய அமைச்சுக்கு எழுதலாம். இந்த எல்லையைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மாணவர் நிதியுதவிக்கென ஓர் ஆலோசனைக் குழு ஏற்பட்டது. பணம் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. விசாரித்து, அறிக்கை எழுதி, சட்டமியற்றுவோரிடம் வைப்பதே அதன் வேலை. ஏழை மாணவர்கள் உதவி கேட்கவே அஞ்சும்படி படிவங்கள் சிக்கலாயிருக்கின்றன என்று 2005-இல் அது விரிவாக எடுத்துரைத்தது. 108 கேள்விகள் வரை வளர்ந்திருந்த உதவி விண்ணப்பப் படிவத்தைச் சுருக்கும் சட்டம் 2020-இல் வந்தது. ஆனால் 2015-லேயே அந்தக் குழு முடிவுக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் புதிய படிவம் வெளியானபோது கோளாறுகள் மலிந்து, மாணவர்களுக்கு உதவித்தொகை விவரம் மாதக்கணக்கில் தாமதமாயிற்று. சொன்னவர்கள் இல்லாத வேளையில் சொன்னது நடைமுறைக்கு வந்ததால் நேர்ந்த விபரீதங்களில் ஒன்றாகவே நான் இதைக் கருதுகிறேன். ஆகவே ஓர் ஆட்சிக்குழுவின் தீர்மானத்தால் பிறந்து அடுத்த ஆட்சிக்குழுவின் மௌனத்தால் மறையும் சபையாக உன் வாரியம் இராதபடி, அதன் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனையை முதலிலேயே கேட்டுப் பெறு.

உறுப்பினர்களைப் பற்றி நீ எழுதியுள்ள பட்டியலில் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் வங்கி அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கட்டும். கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இருவரையும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒருவரையும், ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசக ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள். கூட்டத்துக்கு வருவதால் கூலி இழப்பவருக்கு அந்தக் கூலியைக் கொடுக்க ஏற்பாடு செய். இல்லாவிடில் அவர்கள் முதல் கூட்டத்துக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போனபின் திரும்பி வரமாட்டார்கள்.

மாநில அரசாங்க அலுவலகங்கள் உள்ள கொம்தாரில், குளிர்சாதன அறையில் வாரியம் கூடுவது சௌகரியம்தான். ஆனால் நம் மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை கடலுக்கு அப்பால், செபெராங் பிறையில் இருக்கின்றன. தோட்டத்திலிருந்தும் தொழிற்பேட்டையிலிருந்தும் ஒரு தாய் வேலை நேரத்தில் பாலம் தாண்டி வந்து தன் குறையைச் சொல்வாள் என்று எதிர்பார்க்கலாகாது. ஆகையால் மகளே, உன்னிடம் நான் வேண்டிக்கொள்வது இது: உன் குறிப்பிலிருந்து அந்த நிதியைப் பற்றிய பகுதியை நீக்கிவிடு, அவ்விடத்தில் நாட்காட்டியைப் பற்றிய பகுதியை எழுது, வாரியம் அமைந்ததும் அதன் முதல் கூட்டத்தைச் செபெராங் பிறையின் நிபோங் திபாலில், வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் மாலை வேளையில், அடுத்த பல்கலைக்கழகப் பதிவு நாளுக்கு முன்பாகவே கூட்டச் செய்.

உன் நலத்தையும் பணியின் வளர்ச்சியையும் நாடும்,
ஆயர் ஈத்தாம் பெரியப்பா