மறுப்புக்கு முன் வரும் கடிதம்

கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமை) எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக விண்ணப்பித்திருந்த எனக்கு ‘ப்ரொசீஜரல் ஃபேர்னஸ் லெட்டர்’ வந்தது. நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தைக் குடிவரவு அதிகாரிகள் தொலைபேசியில் விசாரித்தார்களாம். எடுத்தவர், அப்படி யாரும் இங்கே இருந்ததில்லை என்றாராம். தவறான தகவல் தந்ததாக முடிவானால், குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டு தடை. பதில் தர 30 நாள் கெடு.

இப்படிக் கடிதம் வந்தால் கலங்காதீர்கள். இன்னும் மறுக்கவில்லை, முடிவெடுக்குமுன் உங்கள் தரப்பைக் கேட்கிறார்கள். அதிகாரியின் சந்தேகம் எதுவோ, அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

நேர்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, மூன்றாம் தரப்பு ஆவணங்களைச் சேருங்கள். நான் வைத்தவை: நிறுவனத்தின் பெயரோடு மாதாமாதம் பதிவான பி.எஃப். பாஸ்புக், ஃபார்ம் 16, சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட். கூடவே ஹெச்.ஆர். பிரிவிலிருந்து புதுக் கடிதம். தொலைபேசி எடுத்தவரிடம் பழைய ஊழியர் விவரம் ஏன் இல்லை என்ற விளக்கமும், கையெழுத்திட்டவரின் பதவி, அலுவலக மின்னஞ்சலும் அதில் இருந்தன. அதிகாரி மறுபடி விசாரிக்க அதுதான் வழி.

அனுப்புமுன் சேர்ந்த தேதி, பதவி, பெயரின் எழுத்துகள் எல்லா ஆவணத்திலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் நீங்களே விளக்கிவிடுங்கள். முகப்புக் கடிதத்தில் அதிகாரியின் ஒவ்வொரு ஐயத்தையும் எழுதி, அதன் கீழே பதில், அதன் கீழே இணைப்பு எண் என்று வரிசைப்படுத்துங்கள்.

ஆவணம் தாமதமானால், கெடு முடியுமுன்பே காரணம் சொல்லி எழுத்தில் அவகாசம் கேளுங்கள். ஒப்புதல் வரும்வரை பழைய தேதியையே கணக்கில் வைத்து வேலை செய்யுங்கள். அதிகாரியின் குறிப்புகளைக் காட்டும் ஜி.சி.எம்.எஸ். நோட்ஸைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது கெடுவுக்குள் வராமலும் போகலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை தருபவர் வழக்கறிஞரா, உரிமம் பெற்ற கனடா குடிவரவு ஆலோசகரா என்று சரிபாருங்கள். “லெட்டர் நானே ரெடி பண்ணித் தர்றேன் சார்” என்கிற ஏஜென்ட் பக்கமே போகாதீர்கள். ஒரு போலிக் காகிதம் உண்மையான பத்து ஆவணங்களையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

என் விண்ணப்பம் பிறகு ஏற்கப்பட்டது. மறுத்திருந்தால் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடியிருக்கலாம். கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் நீதிபதி பொதுவாகப் பார்ப்பது அதிகாரியின் முன் இருந்த ஆவணங்களை மட்டுமே. அதனால் கையில் உள்ள சான்று அனைத்தையும் இந்தப் பதிலிலேயே வைத்துவிடுங்கள்.