நில்லா வலிப்பும் நரம்பூசியும்

சிங்கப்பூருக்குச் சென்று வரும் நம் தோட்டத்து மக்கள் தேக்காவை நன்கறிவர். அதனருகே, புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரில் ‘கண்டாங் கெர்பாவ்’, அஃதாவது எருமைக் கொட்டில், என்னும் பழைய இடப்பெயர் இன்றும் ஒளிந்திருக்கிறது. சற்று வடக்கே, 1909இல் மோல்மீன் சாலைப் பகுதிக்கு வந்த டான் டோக் செங் மருத்துவமனையும், அவ்வளாகத்திலேயே 1999இல் நிறுவப்பெற்ற தேசிய நரம்பியல் கழகமும் உள்ளன. வலிப்பு நிற்காத நோயாளிக்கு இத்தகைய மருத்துவமனைகளில் அளிக்கப்பெறும் சிகிச்சை யாது?

வலிப்புகளுள் பெரும்பாலானவை இரண்டொரு நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். கைகால்கள் வெட்டியிழுக்கும் வலிப்பு ஐந்து நிமிடங்களைக் கடந்தாலோ, இடையில் நினைவு திரும்பாமல் மீண்டும் மீண்டும் வந்தாலோ அது நில்லா வலிப்பாகும். முன்னாளில் முப்பது நிமிடமே அளவுகோல். 2015இல் உலக மருத்துவர்கள் வகுத்த விளக்கத்தின்படி, ஐந்தாம் நிமிடம் சிகிச்சை தொடங்கவேண்டிய எல்லை. முப்பதாம் நிமிடம் மூளைக்கு நிலையான கேடு நேரக்கூடிய எல்லை.

நினைவற்றவருக்கு மாத்திரையோ நீரோ ஊட்டினால் அது மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். ஆதலின் மருந்து நேரே இரத்தத்தில் செலுத்தப்படுகிறது. (நரம்பூசி என்று நாம் வழங்கினாலும் ஊசி ஏறுவது நரம்பில் அன்று, சிரை என்னும் இரத்தக் குழாயில்.) முதலில் கொடுப்பது லோராசிபாம் அல்லது டயசிபாம். மூளையின் மட்டுமீறிய துடிப்பை அடக்கும் ‘காபா’ என்னும் இயற்கைப் பொருளின் ஆற்றலை இவை பெருக்குகின்றன. வலிப்பு நீள நீள, காபா வந்து பொருந்தும் ஏற்பிகள் உயிரணுவின் உள்ளே இழுக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு அதே மருந்து, அதே அளவில், முன்போல் பலிப்பதில்லை. மருத்துவர்கள் நிமிடங்களை எண்ணுவது இதனாலேயே. இம்மருந்துகள் மூச்சைத் தளர்த்தவும் கூடும்; ஆகவே பிராணவாயுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கொடுப்பர். இரத்தச் சர்க்கரையையும் உடனே சோதிப்பர். துடிக்கும் கையில் சிரை அகப்படாவிடில், மிடசோலாமைத் தசையில் போடலாம். அதுவும் குறைந்ததன்று என 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

முதல் மருந்திற்கு அடங்காவிடில் ஃபினைட்டாய்ன், லெவெடிராசிட்டாம், வால்புரோயேட் ஆகியவற்றுள் ஒன்று தொடரும். 1938 முதல் வழக்கிலுள்ள ஃபினைட்டாய்ன் பொல்லாதது. நிமிடத்திற்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றினால் இதயத்துடிப்பு பிசகும். குளுக்கோஸ் நீரில் கலந்தால் படிந்துவிடும், உப்புநீரே உகந்தது. அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், ஃபினைட்டாய்னின் மாற்றுருவான ஃபாஸ்ஃபினைட்டாய்னும் மற்ற இரண்டும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே பயன் தந்தன. எஞ்சியோருக்கு மயக்க மருந்தும் சுவாசப் பொறியும் தேவைப்படும்.

நில்லா வலிப்புக்கு அடிக்கடி காணப்படும் காரணம், அன்றாட மாத்திரையைத் திடீரென நிறுத்துவதே. ‘ஓராண்டாக வரவில்லை, நோய் போயிற்று’ என்று நிறுத்துவோரும், தைப்பூசப் பயணத்தில் மாத்திரைப் பொட்டலத்தை மறந்து செல்வோரும் நம்மிடையே உளர். விடியுமுன் பால்வெட்டப் புறப்படும் தொழிலாளிக்கு உறக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும்.

வலிப்பு கண்டவரின் கையில் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ துணியோ வைத்தல் தீங்கு. பால்வெட்டும் கத்தி முதலியவற்றை அகற்றி, தலைக்கு மெத்தென்று ஏதேனும் வைத்து, துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துக் கிடத்துக. முதற்கண் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்க. ஐந்து நிமிடமாயின் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை அழைத்து, வலிப்பு தொடங்கிய நேரத்தைச் சொல்லி, அவர் உட்கொள்ளும் மாத்திரைப் பொட்டலத்தையும் உடன் கொடுத்தனுப்புக.