தொடர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: டி.வி. தொடர்களைச் சேனல்களேதான் எடுக்கின்றனவா?
- வாசகர், சங்கராபுரம்

பதில்: பெரும்பாலும் இல்லை. 1999இல் சன் டி.வி.யில் தொடங்கிய 'சித்தி'யைத் தயாரித்தது ராதிகாவின் ராடான் நிறுவனம். 2003இல் வந்த 'கோலங்கள்' விகடன் டெலிவிஸ்டாஸின் தயாரிப்பு.

இப்படி வெளியார் தயாரிப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, தயாரிப்பாளரே சேனலுக்குக் கட்டணம் கட்டி ஒளிபரப்பு நேரத்தை வாங்கி, விளம்பரங்களை விற்றுச் செலவை எடுப்பது. லாபமும் நஷ்டமும் அவருக்கே. மற்றொன்று, எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனல் பணம் தருவது. கையைக் கடிக்காது, ஆனால் உரிமை பெரும்பாலும் சேனலுக்குப் போய்விடும்.

இந்த உரிமைச் சிக்கலுக்குப் பிரிட்டனில் சட்டமே வழி கண்டது. அங்கே 1982இல் தொடங்கிய 'சேனல் 4' நிகழ்ச்சிகளை வெளி நிறுவனங்களிடமே வாங்கியது. பிபிசியும் ஐடிவியும் 25 சதவீத நிகழ்ச்சிகளைத் தனி நிறுவனங்களிடம் பெற வேண்டும் என்று 1990 சட்டம் சொன்னது. 2003 சட்டம் தயாரிப்பாளரின் உரிமைக்கும் வழிசெய்தது. அதனால்தான் அங்கே சிறு நிறுவனங்கள் வளர்ந்தன. நமக்கும் அப்படியொரு பாதுகாப்பு அவசியம். அதுவரை, உங்கள் பக்கத்துக் கல்வராயன் மலை மக்களின் வாழ்வை உங்கள் ஊர் இளைஞர்கள் படமாக்கினால், உரிமை யாருக்கு என்பதை முதலில் எழுதி வாங்கட்டும். பணப் பேச்சு பிறகு.